வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்: ஒரு கரும்பு ஆய்வை மறுபடி படித்தபோது

கரும்பு வெட்டுக்கு முன்னால் ஒரு விவசாயியிடம் பத்துப் புதிர்களைக் கொடுத்தால் சராசரியாக நாலு சொச்சம்தான் சரியாகப் போடுகிறார். வெட்டு முடிந்த பிறகு அதே ஆளிடம் அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தால் ஐந்தரைக்குப் பக்கத்தில் வருகிறார். இடையில் அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஆள் அதே ஆள்தான். மாறியது அவர் கையில் இருக்கும் பணம் மட்டும்.

2013 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு இது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ. சோதிக்கப்பட்டவர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். மனித நடத்தை பற்றிய 'அட, அப்படியா' வகை ஆய்வுகளில் நம்ம ஊர் ஆட்கள் இவ்வளவு நடுவில் வந்து நிற்பது அபூர்வம். பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துத்தான் 'மனிதன் இப்படிப்பட்டவன்' என்று தீர்ப்பு எழுதுவார்கள்.

இந்த ஆய்வைப் பல வருஷம் நான் சொத்து மாதிரி வைத்திருந்தேன். யாராவது 'ஏழைங்க ஏன் இப்படித் தப்பு தப்பா முடிவெடுக்கறாங்க' என்று ஆரம்பித்தால் உடனே எடுத்து வீசுவேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அப்பா விழுப்புரம் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர். ஆய்வில் அவர் இல்லை, ஆனால் இருந்திருக்கக்கூடியவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஆய்வை அவரிடமே சொல்லிக் காட்டினேன். அதற்கப்புறம்தான் மறுபடி முழுசாக உட்கார்ந்து படித்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாசிப்பின் விளைவு.

முதலில் ஆய்வின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பணக்காரரையும் ஏழையையும் ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் வரும். படிப்பு வேறு, சாப்பாடு வேறு, வளர்ந்த வீடு வேறு. அதனால் ஒரே ஆளை இரண்டு காலத்தில் ஒப்பிடுவது நல்ல யோசனை. கரும்பு அதற்கு வசதியான பயிர். வருஷம் பூராவும் செலவு, ஒரே ஒரு தடவை வரவு. வருமானத்தில் 60 சதவீதமாவது கரும்பிலிருந்து வருகிறவர்களைத்தான் எடுத்தார்கள். கூடவே இன்னொரு வசதி. ஆலை ஒரே நாளில் எல்லார் கரும்பையும் அரைக்க முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு தேதியில் கட்டிங் ஆர்டர் வரும். பக்கத்துப் பக்கத்து வயலில் ஒருவர் டிசம்பரில் வெட்டுவார், இன்னொருவர் மார்ச்சில் வெட்டுவார். ஆகவே 'வெயில் காலம், பண்டிகைக் காலம், அதனால் மாறியது' என்று தள்ளிவிட முடியாது. ஒரே மாதத்தில் வெட்டி முடித்தவரும் இருப்பார், வெட்டாதவரும் இருப்பார். இரண்டாவது தடவை சோதனை எழுதும்போது பழக்கத்தால் மார்க் கூடுமே என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியினரை வெட்டுக்கு அப்புறம்தான் முதல் தடவையாகச் சோதித்தார்கள். சாப்பாடு, உடல் உழைப்பு, மன அழுத்தம் என்று வேறு விளக்கங்களையும் எடுத்து விவாதிக்கிறார்கள்.

புதிர்கள் ரேவன் மேட்ரிக்ஸ் வகை. கட்டங்களில் வடிவங்கள் இருக்கும், ஒரு கட்டம் காலி, அங்கே எது வரும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது சோதனை ஸ்ட்ரூப் வகை. எழுத்து படிக்காதவர்களும் செய்யும்படி எண்ணாக மாற்றியிருந்தார்கள். '5 5 5' என்று எழுதியிருக்கும். எத்தனை எண் இருக்கிறது என்பது கேள்வி. வாய் 'அஞ்சு' என்று வரும், சொல்ல வேண்டியது 'மூணு'. வெட்டுக்கு முன் இதை முடிக்கச் சராசரியாக 146 விநாடி ஆனது, பின்னால் 131. தப்புகளும் முன்னால்தான் அதிகம்.

எனக்கு வந்த முதல் சந்தேகம் ஒன்று உண்டு. ஆர்டர் எப்ப வரும் என்று காத்துக்கிட்டிருக்கிற ஆள், கையில் ஃபாரத்தோடு வந்த வெளியூர்க்காரரைச் சீக்கிரம் அனுப்பிவிடத்தானே பார்ப்பார்? அவசரத்தில் ஏனோதானோ என்று பதில் சொல்லியிருக்கலாமே? ஆனால் எண்ணைப் பாருங்கள். அவசரப்பட்டிருந்தால் நேரம் குறைந்திருக்க வேண்டும். இங்கே நேரமும் கூடியிருக்கிறது, தப்பும் கூடியிருக்கிறது. ஆகவே அந்தச் சந்தேகத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு எண்ணில் மட்டும் கொஞ்சம் நின்றேன். வெட்டுக்கு முன் 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது, பின்னால் 13 சதவீதம் பேருக்கு. அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கினார்கள். எங்கள் ஊரில் கரும்புப் பணம் வாங்கிய நூறு பேரில் 87 பேருக்குக் கடனே இல்லை என்றால் ஊரே கூடிக் கிடா வெட்டியிருக்கும். சொசைட்டிக் கடனை அடைத்து அதே வாரத்தில் மறுபடி எடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சரி, விஷயம் அது இல்லை. கை இறுக்கம் வெட்டுக்கு முன் அதிகம், பின் குறைவு என்பதை எந்தக் கரும்புக்காரரும் மறுக்கமாட்டார்.

ஆய்வின் மறுபாதி அமெரிக்காவில் நடந்தது. நியூ ஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலுக்கு வந்தவர்களிடம் 'உங்கள் காரைப் பழுதுபார்க்க இவ்வளவு செலவாகும், என்ன செய்வீர்கள்' என்று கேட்டு, அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புதிர்களைக் கொடுத்தார்கள். சிலருக்குச் செலவு 150 டாலர், சிலருக்கு 1,500 டாலர். 150 டாலர் கேட்டவர்களில் வருமானம் கூடியவர், குறைந்தவர் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 1,500 கேட்டதும் வருமானம் குறைந்தவர்கள் சறுக்கினார்கள். பணக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் வைத்துக்கொண்டு மாலுக்கு வருகிறவரை 'ஏழை' என்று எழுதியிருப்பதைப் படித்தால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனால் ஏழ்மை அங்கங்கே வேறு அளவு, அதைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்லவேண்டியது வேறு இடத்தில். வருமானம் என்பது 10, 11, 12 என்று தொடர்ந்து போகும் எண். அதை நடுவில் ஒரு கோடு கிழித்து 'ஏழை', 'பணக்காரர்' என்று இரண்டு மூட்டையாகக் கட்டினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் அதே 2013இல் அதே இதழில் எழுதிய மறுப்பில், கோடு கிழிக்காமல் வருமானத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் மால் சோதனைகளின் முடிவு உறுதியாக நிற்பதில்லை என்று காட்டினார்கள். ஆசிரியர்கள் எல்லாச் சோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நிற்கிறது என்று பதில் எழுதினார்கள். இரண்டையும் படித்தபோது எனக்குத் தோன்றியது, மால் பகுதி பத்திரிகைத் தலைப்புக்கு உதவிய அளவுக்கு ஆய்வுக்கு உதவவில்லை.

தலைப்பு என்றேன் இல்லையா, வில்லங்கமே அங்கேதான். '13 ஐக்யூ புள்ளி இழப்பு', 'ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதது போல' என்று உலகம் முழுக்கப் போனது. அதே வருஷம் முல்லைநாதனும் ஷாஃபிரும் 'ஸ்கேர்சிட்டி' என்ற புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். பற்றாக்குறை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிச்ச வேலைக்கு இடம் போதவில்லை, அதனால் மனுஷன் தப்பு செய்கிறான் என்பது அதன் சாரம். நன்றாக எழுதப்பட்ட புத்தகம். வறுமையைக் குணக்கேடாகப் பார்க்காதே, நிலைமையாகப் பார் என்று சொல்கிற புத்தகம். அதனால்தான் நானும் அதில் விழுந்தேன்.

இனி என் கதை. 2012இல் நான் ஹாஸ்டலில் தங்கிப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருவது தள்ளிக்கொண்டே போனது. அப்பா மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரை மட்டும் வெல்லம் காய்ச்சுகிறவருக்குக் கொடுத்துவிட்டார். டன்னுக்கு 500 ரூபாய் குறைவு. ஏக்கருக்கு 40 டன், ஆக 20,000 ரூபாய் நஷ்டம். லீவுக்கு வந்த நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டி, 'இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா' என்று அவரைக் குடைந்தேன். வார்த்தையும் கொஞ்சம் தடித்துத்தான் போனது. அவர் பதில் சொல்லவில்லை, எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் இந்த ஆய்வைப் படித்தேன். படித்த அன்றைக்கு ராத்திரி எனக்கு உறுத்தலாக இருந்தது. பாவம், அந்த நேரத்தில் அவர் மூளை அப்படி இருந்திருக்கிறது, நான்தான் புரியாமல் பேசிவிட்டேன் என்று மனசுக்குள் அவரை மன்னித்தேன். மன்னித்தேன் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

போன பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்ப எனக்குப் புத்தி மழுங்கிப் போய்த்தான் அந்தக் கரும்பக் குடுத்தேன்னு சொல்றியா?" என்றார்.

"உங்க தப்பு இல்லைன்னு சொல்றேன்ப்பா."

"தப்புன்னு யாரு சொன்னது?"

அப்புறம் அவர் கணக்குச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு எண்கூடத் தடுக்கவில்லை. வெல்லக்காரர் வெட்டுக்கூலி அவரே போட்டுக்கொண்டார். ஆலைக்குப் போனால் அது எங்கள் தலையில், டன்னுக்கு 350. அது மட்டுமே 14,000 ரூபாய். கரும்பு ஏற்கனவே பூ எடுக்க ஆரம்பித்திருந்தது, இன்னும் இரண்டு மாசம் நின்றால் ஏக்கருக்கு நாலு டன்னாவது எடை குறையும். அன்றைய விலைக்கு அது ஒரு எட்டாயிரம். அம்மாவின் ஆறு பவுன் 60,000 ரூபாய்க்கு அடகுக்கடையில் இருந்தது, வட்டி மாதம் இரண்டு ரூபாய். ஏலத்துக்குக் கெடு வந்திருந்தது. வெல்லக்காரர் கொடுத்த ரொக்கத்தில் அதை மீட்டார். மீதி இரண்டு ஏக்கருக்கு இரண்டரை மாசம் கழித்து ஆர்டர் வந்து, வெட்டி, பணம் வந்து சேர இன்னும் நாலரை மாசம். ஏழு மாச வட்டி மிச்சம் 8,400. எல்லாம் கூட்டினால் முப்பதாயிரத்தைத் தொடும். அதற்கு எதிரில் என் 20,000 ரூபாய் 'நஷ்டம்'.

நான் கூலி கழிக்காத விலையையும் கூலி கழித்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்திருக்கிறேன். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. நேரத்துக்குச் சாப்பாடு, தலைக்கு மேல் ஃபேன், ஒரு பைசாக் கடன் இல்லாத மூளை. தப்பு செய்தது அந்த மூளைதான்.

ஒரு அப்பாவை வைத்து 464 பேரின் ஆய்வைத் தள்ளிவிட முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் வாசிப்பில் எங்கே ஓட்டை என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஆய்வு அளந்தது என்ன? வடிவங்களைப் பொருத்துவதையும், வாய்க்கு வருகிற 'அஞ்சை' விழுங்கி 'மூணு' சொல்வதையும். முடிவெடுப்பதை அது அளக்கவே இல்லை. எந்த விவசாயி எந்த வட்டிக்குக் கடன் வாங்கினார், கரும்பை யாருக்கு விற்றார், அது சரியா தப்பா என்று அந்த இரண்டு சோதனைகளும் கேட்கவில்லை. புதிரிலிருந்து முடிவுக்குத் தாவியது புத்தகமும் செய்தியும் நானும். கவனம் சிதறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. விவேகம் குறைகிறது என்று படித்தது எங்கள் கைவரிசை.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஷாஃபிரும் முல்லைநாதனும் அனுஜ் ஷாவோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நேர் எதிர்ப்பக்கம் போகிறது. நடத்தைப் பொருளாதாரத்தில் ஒரு பழைய கண்டுபிடிப்பு உண்டு. மலிவான பொருளில் 50 டாலர் மிச்சமானால் வேறு கடைக்கு நடந்துபோகிற மனுஷன், விலை உயர்ந்த பொருளில் அதே 50 டாலர் மிச்சமானால் போகமாட்டான். 50 டாலர் எங்கே இருந்தாலும் 50 டாலர்தான், அதனால் இது ஒரு தடுமாற்றம். 2015 ஆய்வு பார்த்தது, பணக் கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவு. அவர்களுக்கு 50 டாலர் என்றால் அது எதற்கு ஆகும் என்று தெரியும். அரிசிக்கா, பஸ்ஸுக்கா, கரண்டு பில்லுக்கா. எங்கள் வீட்டில் இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு '13 புள்ளி'யின் புகழில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஏழை மூளை தடுமாறுகிறது என்றால் செய்தி. ஏழை கணக்கில் கெட்டி என்றால் அதைப் படிக்க ஆள் இல்லை.

கரும்பு ஆய்வுக்குப் பின் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்ததில் என்ன வந்தது? கலவையாகத்தான் வந்திருக்கிறது. கார்வால்யோ, மையர், வாங் மூவரும் 2016இல் வெளியிட்டது முக்கியமானது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைச் சம்பள நாளுக்கு முன்னும் மறு சாராரைச் சம்பளம் வந்த பிறகும் சோதித்தார்கள். மூளைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. சம்பளத்துக்கு முன் இருந்தவர்கள் பணத்தை 'இப்பவே கொடு' என்று விரும்பினார்கள், அவ்வளவுதான். கையில் காசு இல்லாதவன் இப்பவே கேட்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆனால் மாதச் சம்பளமும் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கரும்புப் பணமும் ஒன்றில்லை. மாசக் கடைசி என்பது எப்போது முடியும் என்று தெரிந்த கஷ்டம். கட்டிங் ஆர்டர் அப்படி இல்லை. ஆகவே இந்த ஆய்வு கரும்பு ஆய்வைப் பொய்யாக்கிவிட்டது என்று துள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

முல்லைநாதன் குழு 2012இல் வெளியிட்ட பற்றாக்குறைச் சோதனைகளில் ஒன்று, 2018இல் வேறொரு பெரிய குழு திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆசிரியர்களே தங்கள் சோதனைகளைத் தாங்களே திரும்பச் செய்து, எது நின்றது, எது நிற்கவில்லை என்று வெளியிட்டார்கள். இந்த நேர்மை எல்லாரிடமும் வராது, மரியாதைக்குரியது. 2021இல் வேறு ஒரு குழு இந்தத் துறையில் 20 ஆய்வுகளை எடுத்துச் செய்து பார்த்தது. சில கெட்டியாக நின்றன, சில மண்ணைக் கவ்வின.

என்னை மறுபடி யோசிக்கவைத்தது ஒடிசாவில் நடந்த ஒரு ஆய்வு. சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சுவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் நால்வரும் செய்தது. இலையில் தட்டு தைக்கும் தொழிலாளிகள், தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. சிலருக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னாலேயே கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு பைசா இல்லை, தேதி மட்டும் முன்னால். வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அதன் பிறகு அவர்கள் தைத்த தட்டு 7 சதவீதம் கூடியது, கவனக்குறைவால் வரும் தப்பும் குறைந்தது. இங்கே ரேவன் புதிர் இல்லை. தட்டு, ஈர்க்குச்சி, விரல். அளந்ததும் அவர்கள் தினம் செய்கிற வேலையை. பற்றாக்குறை கவனத்தைத் தின்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமானால் நான் இனிமேல் இந்தத் தட்டு ஆய்வைத்தான் சொல்வேன். 13 புள்ளியை விட்டுவிடுவேன்.

அப்பாவும் அதை ஒத்துக்கொண்டார், கேட்காமலேயே. கணக்கையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஆனா ஒண்ணும்மா, அந்த மாசம் மோட்டார் போட்டுட்டு மறந்துட்டேன். கெணத்துல தண்ணி வத்தி, காயில் எரிஞ்சு போச்சு. முப்பது வருசத்துல அது ஒரு தடவதான்." காயில் கட்ட 4,500 ரூபாய் ஆனதாம். தங்கச்சியின் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததும் அந்த மாசம்தான். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் போய் வாங்கி வந்திருக்கிறார்.

நகையையும் எடையையும் வட்டியையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துச் சரியாகக் கூட்டிக் கழித்த அதே தலைதான் மோட்டார் சுவிட்சை மறந்தது. பெரிய கணக்கு எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டால் சின்ன விஷயம் வழுக்கும். புத்தகத்திலும் இது இருக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். அவசரம் எதில் இருக்கிறதோ அதில் கவனம் கூர்மையாகும், மற்றதில் மங்கும் என்கிறார்கள். ஆனால் அந்த முதல் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நானும் காட்டியதில்லை.

இன்னொரு மனத்தாங்கலும் எனக்கு உண்டு. சோம்பேறி, குடிகாரன், பொறுப்பில்லாதவன் என்ற பழைய பேச்சுக்கு இந்த ஆய்வு மாற்று மருந்து என்றுதான் நான் நம்பினேன். பழைய பேச்சு கோளாறை ஆளின் குணத்தில் வைத்தது. புதுப் பேச்சு அதை மூளையில் வைக்கிறது, ரொம்ப அனுதாபத்தோடு. இரண்டிலும் கோளாறு விவசாயியின் உடம்புக்குள்தான் இருக்கிறது. அதனால் சிபாரிசுகளும் அந்தப் பக்கமாகவே போகின்றன. ஃபாரத்தைச் சுருக்கு, பயிற்சி வகுப்பை வெட்டுக்கு அப்புறம் வை, சரியான நேரத்தில் நினைவுபடுத்து. இவற்றில் நல்லவையும் உண்டு. கென்யாவில் டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் மூவரும் அறுவடை முடிந்த கையோடு உரத்துக்குப் பணம் கட்டச் சொல்லி, உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தபோது உரம் வாங்குகிறவர்கள் கூடினார்கள். கையில் பணம் இருக்கிற நாளைப் பார்த்துக் கேட்டதால் நடந்தது.

ஆனால் எங்கள் கதையில் நேரத்தைத் தீர்மானிக்கிறவர் யார்? 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்று ஒன்று இருக்கிறது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். சட்டத்தில் அப்படி. நிலுவைத் தொகை கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் மற்றதைச் சொல்வார்கள். வெட்டு ஒரு நாள், பணம் வேறொரு நாள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் 14 நாள் என்பது நாலரை மாசம் ஆனது, வட்டி என்ற பேச்சே இல்லை. ஆய்வைச் சுருக்கி எழுதின எத்தனையோ செய்திகளை அப்போது சேர்த்து வைத்திருந்தேன். இந்த வாரம் எடுத்துப் புரட்டினேன். விவசாயியின் மூளையைப் பற்றி எல்லாவற்றிலும் இருக்கிறது. பணம் ஏன் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது, வருவதும் ஏன் தள்ளிப்போகிறது என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒடிசா ஆய்வில் தேதியை மாற்றியதும் வேலை மாறியது. தேதி யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றியும் ஒரு சோதனை வைக்கலாம்.

ஆய்வை நான் தூக்கி எறியவில்லை. ஒரே ஆளை இரண்டு காலத்தில் பார்க்கும் அந்த யோசனை இன்றைக்கும் எனக்குப் பிடித்ததுதான். பத்தே பத்துப் புதிர் என்பது குறைவு, இன்னொரு ஊரில் இன்னொரு பயிரில் யாராவது நிதானமாகத் திரும்பச் செய்தால் நன்றாக இருக்கும். ஆச்சரியமான ஆய்வு ஒன்று என் மனசுக்குப் பிடித்தமாகவும் இருந்தால் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத முடிவாக இருந்திருந்தால் அந்தக் கோடு கிழித்த விஷயத்தை முதல் நாளே பிடித்திருப்பேன்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த ஸ்ட்ரூப் மாதிரி ஒன்றை நோட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். இப்போது ஒரு ஏக்கரில் மட்டும்தான் கரும்பு, அதற்கும் அன்றைக்கு ஆர்டர் வந்திருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு '5 5 5', '2 2 2 2' என்று இருபது வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு. நான் சொன்னதும் நோட்டை வாங்கி மறுபடி அந்த இரண்டு வரியையும் பார்த்தார்.

"இத எழுதினவங்க நம்ம பக்கம் வந்தாங்கன்னு சொன்னியே, எந்த மாசம்?"

"வெட்டுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவப்பா."

"அவங்களுக்கு வெட்டு எப்பன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு," என்றார்.